முன்வாசல் எந்தப் பக்கம்?

காலையில் சாப்பிட உட்கார்ந்த நிலூஷாவுக்கு ஒரு வாய் ரொட்டிகூட இறங்கவில்லை. பயமில்லை, சந்தோஷம்தான் தொண்டை வரை நிறைந்திருந்தது. மூன்று வருடமாக வரைந்து, அழித்து, மறுபடி வரைந்த நகரசபைக் கட்டடம் இன்றைக்குத் திறக்கிறது. கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குப் போகும் பாதையில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருந்த சின்ன நகரம் அது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண் கட்டடக் கலைஞர் ஆனதே பெரிய கதை. அவளே ஊருக்கு நகரசபை கட்டினாள் என்றால் கேட்கவா வேண்டும்!

கட்டடமும் சும்மா சொல்லக் கூடாது, அழகுதான். அத்திவாரம் தோண்டிய மண்ணையே கல்லாக அழுத்திச் சுவர் எழுப்பியிருந்தாள். கூரையில் விழும் மழை நிலத்தடித் தொட்டிக்குப் போகும். நடு முற்றத்துப் பலாமரத்தை வெட்ட விடவில்லை. பள்ளத்தாக்குக் காற்று முற்றம் வழியாக ஏறுவதால் ஏசியும் தேவையில்லை. முன்பக்கம் எட்டுக் கருங்கல் படி, அகலமான வாசல். அவளுக்குப் பெருமையெல்லாம் உள்ளே கவுண்டரே கிடையாது என்பதில்தான். நீள மேசைகள் இருந்தன. அதிகாரிக்கும் சனத்துக்கும் ஒரே மாதிரிக் கதிரை, பக்கத்தில் பக்கத்தில்.

நகரசபைத் தலைவர், தவிசாளர் றவூப்புக்கு அதுதான் பிடிக்கவில்லை. பழைய கட்டடத்தில் சனம் வெளியே நின்று, கம்பி ஜன்னலுக்குக் கீழே கை நுழைகிற அளவு ஓட்டையில் மனுவை நீட்டும். அவருக்கு அது பழகிப்போயிருந்தது.

"மகள், இன்டைக்கு ஒரு நாள் பாப்பம்," என்றார். "சனம் தடுமாறினா நாளைக்கே கம்பிக் கவுண்டர்தான். கம்பிக்காரனுக்கும் செல்லி வெச்சீக்கிறேன்."

"ஒருத்தரும் தடுமாற மாட்டாங்க, சேர்," என்றாள் நிலூஷா. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

எட்டரைக்கு வாசல் திறந்தது. ஒன்பதாகியும் ஈ காக்கை வரவில்லை. மனு வாங்கும் பஸ்லினா பேனையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். றவூப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நிலூஷாவைப் பார்த்தார். அவள் வாசல் வரை போய் எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் தேத்தண்ணி போடும் அஸீமா, கை நிறைய மனுக்களோடு பின்னாலிருந்து ஓடி வந்தாள்.

"மிஸ், கொஞ்சம் வந்து பாருங்களேன். நான் தேத்தண்ணி ஊத்துற ஆளுண்டு செல்லியும் கேக்குறாங்க இல்ல!"

எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். தேத்தண்ணி அறையின் சின்ன ஜன்னலுக்கு வெளியே, மலை வளைவு வரை ஐம்பது பேர் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். அப்போது ஜன்னலுக்கு நேரே நின்றவள் வேலாயி, மேல் மலையில் கொழுந்து பறிக்கிறவள். லயத்துப் பாதைக்கு விளக்குக் கேட்டு மனு கொண்டுவந்திருந்தாள்.

"ஏன்க்கா, முன்னுக்கு வாசல் தொறந்துதானே கெடக்கு?" என்றாள் நிலூஷா.

"அது பெரிய ஆளுங்க ஏறுற படியின்னு நெனச்சோம் மிஸ். நமக்கு ஜன்னலுதானே?"

நிலூஷாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தோட்டத்து ஆபீசுக்குள் தொழிலாளி கால் வைப்பதில்லை, ஜன்னலோரம் நின்றுதான் பேசுவது வழக்கம். அவளுடைய அம்மாவே அப்படி நின்றவள்தான். அது தெரிந்தும், துரை பங்களாவுக்கு வைக்கிற மாதிரி எட்டுப் படியை வைத்துத் தொலைத்திருக்கிறாள். வெளியூர்க்காரி செய்திருந்தால் மன்னிக்கலாம்!

"பாத்தீங்களா? சனம் கேக்குறதே ஜன்னலத்தான்," என்றார் றவூப். அவர் கை சட்டைப் பையில் தொலைபேசியைத் தேடியது.

நிலூஷா ஜன்னலுக்குப் பக்கத்தில், மேசைகள் இருந்த மண்டபத்தின் பின்சுவரைப் பார்த்தாள். அது சுவரே இல்லை. காற்றுக்காக அவள் வைத்த ஆறு மரக்கதவுகள், ஆள் உயரத்துக்கும் மேலே. போன வாரத்து மழைக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு படிகூடக் கிடையாது, நிலமும் தரையும் ஒரே மட்டம்.

"பாஸ்! ஓடியாங்க! ஆறு கதவையும் தொறங்க!" என்று, திறப்புக்கு வந்திருந்த, சுவர் கட்டிய மேசன் பாஸைப் பார்த்துக் கத்தினாள். அவர் வரும்வரை பொறுக்காமல் முதல் தாழ்ப்பாளைத் தானே இழுத்தாள்.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சுழன்று திறந்தன. காற்று குபீரென்று உள்ளே பாய்ந்து மேசைக் காகிதங்களை முற்றத்துக்குத் தூக்கிப்போனது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் யாரும் அசையவில்லை.

வேலாயி தன் செருப்பைப் பார்த்தாள். "காலெல்லாம் மண்ணா இருக்கே மிஸ்."

"செவுரே மண்ணுதான்க்கா. வாங்க!"

வேலாயி உள்ளே நடந்து, கதிரை நுனியில் உட்கார்ந்தாள். மனுவை நீட்டாமல் பக்கத்திலிருந்த பஸ்லினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா?" என்றாள் பஸ்லினா.

"ஒண்ணுமில்லம்மா. பத்து வருசமா என் மனுவ வாங்குன கை இது. இந்த மோதிரத்த நல்லாத் தெரியும். மொகத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பஸ்லினா பேனையைக் கீழே வைத்தாள். "என்ட பேர் பஸ்லினா," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஐம்பது பேரும் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். உட்காரக் கதிரை போதவில்லை. றவூப் தன் கதிரையையும் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

"கம்பி வேணாம் தம்பி. வராதீங்க," என்று அதில் சொல்லிவிட்டு நிலூஷாவிடம் திரும்பினார். "சரி மகள், வாசல் இந்தப் பக்கம் வந்துட்டு. அப்ப அந்த எட்டுப் படிய என்ன செய்யப் போறீங்க?"

நிலூஷாவுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நாம உக்காந்து தேத்தண்ணி குடிப்போம், சேர்."