வண்டியைப் பார்க்கப் போகிறவர்

ஆலயத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில், பிரசங்கம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் எழுந்து வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். வண்டிக்கு ஒன்றும் இருக்காது. பூட்டுப் போட்டு, ஆலயத்துச் சுவரோரம் சமர்த்தாகச் சாய்ந்து நிற்கும். அதை எவனாவது திருடினாலும் மறுநாளே கொண்டுவந்து விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பான், அப்படிப்பட்ட வண்டி. இருந்தாலும் இவர் அதன் பக்கத்தில் போய் நின்று, கடைசிப் பாட்டு முடிகிறவரை காவல் காப்பார். மூன்று வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது. சபையில் கைக்குழந்தை முதற்கொண்டு எல்லாருக்கும் காரணம் தெரியும்.

காரணம் என் அக்கா புருஷன். அத்தான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தங்கச்சி புருஷனாயிற்றே என்று இவருக்குப் பார்த்துப் பார்த்து ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார். போட்ட நாளிலிருந்து இவருக்குத் தலைவலி. மாடிப்படி ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றார். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு மாடிப்படி எதுக்குங்க?" என்று கேட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சகலையிடம் போய்ச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடையில் ஒன்று வாங்கி, அதை மாட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வந்து, அத்தானுக்கு நேர் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஆராதனை நடுவில் எல்லாரும் செய்கிற மாதிரி சமாதானம் சொல்லிக் கைகுலுக்கத் திரும்பிய அத்தான் அந்த ஃபிரேமைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே பக்கத்து ஆளிடம் போய்விட்டது.

அன்றோடு பேச்சு நின்றது. அக்காவும் நானும் எப்போதும் போல அவள் முன்வரிசை, நான் பின்வரிசை என்று உட்கார்ந்து பேசிக்கொள்வோம். ஆண்கள் இருவரும் பீடத்தையே பார்ப்பார்கள். அவ்வளவு பக்தி.

திருவிருந்துக்கு முன்னால் எங்கள் போதகர் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்லுவார். யார்மேலாவது மனக்கசப்பு இருந்தால் முதலில் போய் அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள், மனதை ஆராய்ந்து பார்க்காமல் கை நீட்டாதீர்கள் என்று. என் வீட்டுக்காரரிடம் ஆயிரம் குறை இருக்கலாம். ஆண்டவரிடம் பொய் சொல்ல மட்டும் அவருக்கு வராது. உள்ளே புகைந்துகொண்டு வெளியே கை நீட்ட மாட்டார். அத்தானுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. "நான்தான் அவரை அன்னைக்கே மன்னிச்சுட்டேனே" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, முதல் ஆளாகப் போய் முழங்கால் போடுவார்.

இந்த வருடம் என் மகளுக்கு, திருவிருந்து எடுக்கத் தகுதி தருகிற திடப்படுத்தல் முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறு அவளுக்கு முதல் திருவிருந்து. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு: முதல் தடவை எடுக்கிற பிள்ளை, பீடத்தின் முன்னால் இருக்கிற கிராதியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் முழங்கால் போட வேண்டும். அப்பா இல்லாத பிள்ளைகளுக்குக் கூட யாராவது ஒரு மாமா வந்து அந்தப் பக்கத்தை நிரப்புவார். அப்பா குத்துக்கல்லாக வெளியே வண்டிப் பக்கத்தில் நிற்கும்போது என் பிள்ளை யாரைக் கூப்பிடுவாள்?

அவளே வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டாள்.

"அப்பா, நீங்க கிராதிக்கு வர்றீங்களா, வண்டியப் பாக்கப் போறீங்களா?"

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றார்.

"நீங்க வண்டியப் பாக்கப் போனா நானும் கூட வர்றேன். ரெண்டு பேர் பாத்தா வண்டி இன்னும் பத்திரமா இருக்கும்."

கிண்டலாகத்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. இவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். "நாளைக்கு அண்ணன் கடைக்குப் போறேன்" என்றார். அத்தானை இவர் அண்ணன் என்று சொல்லி மூன்று வருடமாகியிருந்தது. எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. யாராவது பாதி வழியில் மூட்டையை இறக்கி வைத்துச் சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போன இடத்தில், லிஃப்டுக்குள் தனியாக நின்று மன்னிப்புக் கேட்டுப் பழகிப் பார்த்திருக்கிறார். கதவு மூடியிருந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை என்ற தைரியம். "என் மேலதான் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க. மனசுல எதையும் வச்சுக்காதீங்க" என்று லிஃப்டின் சுவரில் பதித்திருந்த கண்ணாடியைப் பார்த்து உருகியிருக்கிறார். முழங்கை அவசரப் பொத்தானில் அழுந்தியிருந்தது. கீழே காவலாளியின் மேசையில் ஒலிபெருக்கி முழங்கியது. முந்தின நாள்தான் இவர் லிஃப்ட் அறைச் சாவிக்காக அந்த மனிதரைக் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தார்.

"அய்யோ, அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் சார்" என்று லிஃப்டுக்குள் ஒரு குரல் கேட்டதாம். இவர் ஒரு கணம் ஆண்டவர்தான் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார். கீழே இறங்கினால் காவலாளி கண்ணைத் துடைத்தபடி நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, எவ்வளவு சுலபமா முடிஞ்சுது! சகலைகிட்டயும் இப்படித்தான் முடியும்" என்றார் வீட்டுக்கு வந்து. கிளம்பும்போதே எனக்கு வலது கண் துடித்தது. கூடவே போனேன்.

அத்தான் கடை சிறியது. மூன்று பக்கமும் ஆளில்லாத கண்ணாடிகள் வரிசையாக நின்று வருகிறவர்களை முறைக்கும். அத்தான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற பொடி ஸ்க்ரூடிரைவரால் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அந்த ஒரு நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க" என்றார் இவர்.

"தம்பி, உங்களை நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன்" என்றார் அத்தான்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் வாயை மூடியிருக்க வேண்டும். மனதை முழுசாகக் கழுவிவிட வேண்டும் என்று அவருக்குள் ஒரு வேகம்.

"இல்லண்ணே, சொல்லித்தான் தீரணும். போதகர் வீட்ல வச்சு எல்லார் முன்னாடியும், உங்க கண்ணாடியப் போட்டா ஒரு படி ரெண்டு படியாத் தெரியுதுன்னு கேலி பண்ணிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அது தப்பு."

அத்தான் முகம் மாறியது. "எப்போ?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"போதகரும் சிரிச்சாரா?"

"கொஞ்சமா சிரிச்சாருண்ணே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இந்த விஷயமே அத்தானுக்குத் தெரியாது. அவர் மன்னித்து வைத்திருந்தது வேறு கடைக் கண்ணாடிக்காக. "அப்ப இது வேறயா! நான் மன்னிச்சது அதை. இதை மன்னிக்கலை" என்றார்.

"எதை மன்னிச்சீங்க? வேற கடைல வாங்கினதையா? தலைவலி வந்தது எனக்கு. அதுக்கு நான்தான் உங்களை மன்னிக்கணும்!"

"நீங்க என்னை மன்னிக்கிறதா?"

"மன்னிப்பேன். என்ன செய்வீங்க?"

"மன்னிச்சுப் பாருங்க, தெரியும்!"

மன்னிப்புக்காக இரண்டு ஆண்கள் அடித்துக்கொள்ளப் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். அடுத்தவன் கண்ணில் துரும்பு, தன் கண்ணில் உத்திரம் என்று பிரசங்கம் பண்ணுவதற்கு மூக்குக் கண்ணாடிக் கடையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆனால் யார் காது கொடுத்துக் கேட்பது? இவர் தன் கண்ணாடியைக் கழற்றி, "இதுல தலைவலி வரலையே!" என்று மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். வாசற்படியில் தடுக்கினார். "பாத்துப் போங்க, ஒரு படிதான் இருக்கு" என்றார் அத்தான்.

வீட்டில் என் மகள் வெள்ளை உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். உடுப்பை மடிக்காமல் அப்படியே அலமாரிக்குள் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினாள். இரண்டு பேர் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று முட்டினால் என்ன என்று நினைத்தேன். இப்படித்தான் நான் திருவிருந்துக்கு ஆயத்தமானேன்.

ஞாயிறு காலை அவள் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்தாள். பிரசங்கத்துக்கு முந்தின ஜெபத்தில் எல்லாரும் தலை குனிந்தோம். என் வீட்டுக்காரர் சற்று அதிகமாகக் குனிந்தார் போல. நேற்று மேசையில் தட்டு வாங்கிய கண்ணாடியின் ஒரு கால் கழன்று, கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி, தரையில் சறுக்கிக்கொண்டு முன்வரிசைக்கு அடியில் போய், நேராக அத்தான் காலடியில் நின்றது.

அத்தான் கீழே பார்த்தார். ஆமென் சொன்னார். பிறகு எடுத்தார்.

கோபத்தில் அதை மிதித்திருக்கலாம், தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் கால் கழன்ற கண்ணாடியைக் கண்டால் அத்தானுக்குக் கை சும்மா இருக்காது. பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தபோதே சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்தது. தன் கண்ணாடியிலிருந்தே ஒரு திருகாணியைக் கழற்றி இதில் போட்டு முடுக்கினார். கைக்குட்டையால் துடைத்தார். பழக்கதோஷம், கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, பாட்டு எண் எழுதின பலகையை அதன் வழியாகப் பார்த்து, இப்படியும் அப்படியும் அசைத்தார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். மறுபடி முதல் பக்கம். அப்புறம் அசையவே இல்லை.

கோபம் வந்தால் ஆளுக்கு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வார்கள். அத்தான் என் வீட்டுக்காரர் கண்ணின் பவரை வைத்திருந்தார். எது வலது, எது இடது என்று மூன்று வருடமாகத் தினம் நினைத்து நினைத்து மனப்பாடம் ஆகியிருந்தது. இந்தக் கண்ணாடியில் அது அப்படியே இடம் மாறியிருந்தது. அக்கா காதில் ஏதோ சொன்னார். அக்கா திரும்பி என்னிடம் கிசுகிசுத்தாள்.

"அன்னைக்கு செஞ்சு குடுத்த கண்ணாடில, வலது கண்ணுக்குள்ளத இடதுல மாத்திப் போட்டுட்டாராம்டி. தப்பு தன் மேலதானாம்."

பிரசங்கம் முடிந்தது. வழக்கமாக இவர் எழுகிற நேரம். கண்ணாடி இல்லாமல் எங்கே எழுவது? கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையிலிருந்து அத்தான், இவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியை நீட்டினார். இவர் வாங்கி மாட்டினார். மாட்டியதும் அவர் கண்ணில் பட்டது, வாசலைப் பார்த்து நடக்கிற அத்தானின் முதுகு.

"அண்ணன் எங்க போறாரு?"

"வண்டியப் பாக்க" என்றாள் அக்கா.

"நடந்துதானே வந்தாரு?"

இவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் காதோடு விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் ஜெயித்த ஆளைப்போலச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "பாவம்" என்றார். எழுந்து வேகமாக வெளியே போனார்.

அதற்குள் முதல் தடவை எடுக்கிற பிள்ளைகளைப் போதகர் அழைத்துவிட்டார். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கிராதியில் நாங்கள் முழங்கால் போட்டபோது அவளுக்கு வலப்பக்கம் ஒரு ஆள் இடம் வெறுமையாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நான் மூடவில்லை. பக்கக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே சுவரோரம், எங்கள் வண்டி, வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இவர் கும்பிட்டார். அத்தான் தலையை ஆட்டிவிட்டு அவரும் கும்பிட்டார். இவர் திரும்பக் கும்பிட்டார். தேர்தலுக்கு நிற்கிற இரண்டு பேர் ஒரே தெருவில் எதிர்ப்பட்ட மாதிரி மாற்றி மாற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போதகரோ அப்பத் தட்டோடு கிராதியின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். முடிச்சுத் தொலைங்களேன் என்று பல்லைக் கடித்தேன்.

கடைசியில் அத்தான்தான் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஆலயத்துக்குள் அந்த வயசில் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க மகள் பக்கத்தில் முழங்கால் போட்டார். அவருக்கு அப்பால் அத்தான் இடித்துப் பிடித்து இடம் பண்ணிக்கொண்டார். திருகாணி இல்லாத அவருடைய கண்ணாடி மூக்கில் ஒருபக்கமாகத் தொங்கியது.

என் மகள் கண்ணைத் திறக்காமலே கையை வலப்பக்கம் நீட்டினாள். சட்டைக் கை அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அம்மா, இப்பவாவது கண்ணை மூடுங்க" என்றாள்.

போதகர் எனக்கு முன்னால் நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரம் பூராவும் இவர் மனதையும் அத்தான் மனதையும் துவைத்துப் பிழிந்து காயப்போட்டதில், என் மனதை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொல்ல ஒரு ஜெபம் இல்லை. நேரமும் இல்லை. கண்ணை மூடி, கையை நீட்டி, "ஆண்டவரே, வந்துட்டாங்க" என்றேன்.

அது போதும் என்பது போல, உள்ளங்கையில் அப்பம் வந்து விழுந்தது.