மீட்டர் கத்திய பெட்டி

ஆன்ட்டி கோர்கோய் சாவியைத் திருப்பிக் கேட்டபோது நான் கெங்கே என்ற மக்காச்சோள உருண்டையும் பொரித்த மீனும் தின்றுகொண்டிருந்தேன். தெமா துறைமுகத்தில் இருக்கும் அவளுடைய மீன் குளிர்கிடங்கின் ஜெனரேட்டர் அறைச் சாவி அது. கிடங்கு கட்டிய நாளிலிருந்து என் இடுப்பில்தான் கிடந்தது.

"ஓடோய் எல்லாத்தையும் சொல்லிட்டாரு, அட்டா. ஜெனரேட்டர் பெட்டியத் துடைக்கிறேன்னு ஒயரை மாத்திச் சொருகிட்டீங்களாம். கிடங்கு மீனெல்லாம் நாறிப்போச்சு. கோவமில்ல. வயசாயிடுச்சு உங்களுக்கு. சாவியக் குடுங்க." அட்டா என்றால் எங்கள் பேச்சில் பெரியவர்.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. மீன் நிறுக்கும் தராசைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் விடுவேன். ஓடோயை மட்டும் நம்பினேன். ஒரே படகில் வலை இழுத்தோம். பிறகு நான் டீசல் எந்திரத்துக்குப் போனேன், அவன் சர்க்யூட் பழகிக் கடை வைத்தான்.

அந்தப் பெட்டி அவன் செய்தது. கிடங்கின் குளிர் எந்திரத்தில் பழைய சீரியல் போர்ட் ஒன்று உண்டு. அது பேசுவது பன்னிரண்டு வோல்ட்டில். பெட்டிக்குள் இருக்கும் சில்லு மூன்று வோல்ட்டுக்கு மேல் கொஞ்சம் போனாலும் செத்துவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே கம்பியே இல்லாமல் இடைவெளி விட்டிருந்தான். அந்தப் பக்கம் ஒரு குட்டி விளக்கு மினுங்கும், இந்தப் பக்கம் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். அந்தப் பக்கத்துக்குக் கம்பி தொடாமலே தனியாக மின்சாரம் கொடுக்க, சர்க்கரைக்கட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டி. கரண்ட் போய்க் குளிர் குறைந்தால் பெட்டிதான் ஜெனரேட்டரைக் கிளப்பும்.

மாட்டிய அன்றே மீட்டரின் இரண்டு ஊசிகளையும் இடைவெளியின் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தேன். உள்ளே எங்காவது வழி இருந்தால் மீட்டர் கத்தும். கத்தவில்லை.

"என்னையுமா சோதிக்கிற, கிழட்டு நண்டே?" என்று ஓடோய் சிரித்தான்.

பாலைவனக் காற்றான ஹார்மட்டான் தூசி அடித்த நாளில் அவனாகவே வந்தான். உள்ளே தூசி இறங்கியிருக்கும், பார்க்கிறேன் என்றான். சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டிக்குள் தார் மாதிரி கறுப்பு ரெசின் ஊற்றி நிரப்பியிருந்தான்.

"இனி தூசியும் போகாது, திருட்டுக் கண்ணும் போகாது," என்றான்.

மழைக்காலத்தின் முதல் இடி ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. கரண்ட் போனது. கிடங்கில் ஆள் இல்லை. பெட்டி செத்துக் கிடந்தது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை.

"சாவி தர்றேன்மா. முதல்ல அவனக் கூப்பிடு," என்று சாவி கேட்டு நின்ற ஆன்ட்டி கோர்கோயிடம் சொன்னேன்.

ஓடோய் வந்தான். அவர்கள் இருவரும் பார்க்க, பெட்டியில் அதே மாதிரி மீட்டரை வைத்தேன். கத்தியது.

"இடி எரிச்சா உள்ள ஒட்டிக்கும். இவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்று ஓடோய் அவளிடம் சொன்னான்.

நான் உளியை எடுத்து ரெசினைக் கொத்தினேன். வேண்டாம் என்றான். கொத்தினேன். கறுப்புக் கட்டி இருந்த இடம் காலி. சில்லுப் பக்கத்திலிருந்து இடைவெளியைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கு, ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த இரண்டு ஒயர் ஓடியது. வந்த இடி இதே வழியாகத்தான் சில்லுக்குப் போயிருக்கிறது.

"இடிதான் வந்து சால்டர் வச்சுதா?" என்று கேட்டேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். "ஒரு கப்பல்காரனுக்கு அவசரம். ஊர்ல எங்கயும் அந்தக் கட்டி கெடைக்கல. புதுசு வர்ற வரைக்கும்தான்னு எடுத்தேன். அப்புறம் மறந்துட்டேன்."

"மறந்துட்ட, சரி. என் பேர ஏன் சொன்ன?"

"உன்ன அவ மன்னிச்சுடுவா, நோர்ட்டே. எனக்குக் கடை இருக்கு."

ஆன்ட்டி கோர்கோய் என் பக்கம் திரும்பினாள். சாவியை என் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாறிய மீனை அள்ள ஆள் தேடிப் போனாள்.

ஓடோய் எழுந்து கையை நீட்டினான். எங்கள் ஊர்ப் பக்கம் கை குலுக்கி விடும்போது நடுவிரல்கள் உரசிச் சொடுக்க வேண்டும். படகுக் காலத்தில் நாங்கள் சொடுக்கினால் பக்கத்துப் படகில் திரும்பிப் பார்ப்பார்கள்.

கையைக் கொடுத்தேன். விடும்போது விரலை மடக்கிக்கொண்டேன். அவன் கை சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.