முட்டி அம்மா வீட்டுக்குப் போயிருந்தது

எங்கள் பக்கத்தில் கையோ காலோ அடிபட்டால், அடிபட்ட இடம் மட்டும் அம்மா வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வரும். தோள்பட்டை என்றால் ஒரு மாதம். கணுக்கால் என்றால் நாற்பது நாள். முட்டி மூன்று மாதம் கேட்கும், இரண்டரையில் பேசி முடிக்கலாம்.

என் வலது முட்டி தை மாதம் கபடி ஆட்டத்தில் பிசகியது. எதிரணிப் பெண் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். நான் ஒரு பக்கம் திரும்பினேன், முட்டி இன்னொரு பக்கம் திரும்பியது. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அது கிளம்பிவிட்டது. மாற்றிப் போட்டுக்கொள்ள முட்டி உறை இரண்டை மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தேன். பொம்பளை முட்டி என்பதால் கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, ஜன்னலோரமாக உட்கார வைத்தார்.

போய்ச் சேர்ந்ததும் அம்மா போன் செய்தாள். முட்டி வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டதாம். "வா சாமி" என்று உள்ளே அழைத்துப் போய், அந்தக் கையோடு உளுந்தை ஊறப்போட்டாளாம்.

முட்டி இல்லாத காலை மடக்க முடியாது, அவ்வளவுதான். நின்றுகொண்டே சமைத்தேன், நின்றுகொண்டே துவைத்தேன். என் மகள் மிதுனாவுக்கு இரண்டு வயது. அவளைத் தண்ணீர் டிரம்மின் மூடிமேல் உட்கார வைத்துச் சோறு ஊட்டினேன். அந்த உயரம் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. தரையில் உட்கார வைத்தால் வாயைத் திறப்பதில்லை.

என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போனபோது ஒரு சத்துப்பொடி டப்பா வாங்கி வந்தார். டப்பாவின் மேல் ஒரு ஆள் கையை முறுக்கிக்கொண்டு நின்றான். பாலில் கலக்கி நாலு நாள் குடித்தேன். முட்டி ஊரில் இல்லாதபோது குடித்தது என் தப்புத்தான். சத்து நேராக முட்டிக்குப் போயிருக்கிறது. அங்கே ஆளைக் காணோம் என்றதும் திரும்பி வந்து இடது காதில் தங்கிவிட்டது. மூன்று வீடு தள்ளிப் பால் பொங்குவது எனக்குக் கேட்டது. கூப்பிட்டுச் சொல்வேன், அவர்களும் அடுப்பை அணைப்பார்கள்.

பங்குனி கடைசி ஞாயிறு மாவட்ட இறுதி ஆட்டம் என்று முடிவானது. புதன்கிழமை எங்கள் கேப்டன் சுகுணாக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேகலா, முட்டி எப்ப வருது?"

"இன்னும் பத்து நாள் கேக்குதுக்கா."

"பத்து நாள் கழிச்சு வந்து, கப்புக்குப் பொட்டு வெக்கறதுக்கா? ஞாயித்துக்கெழம நீ எறங்கலைன்னா உன்ற எடத்துல கோகிலாதான். அடுத்த வருசமும் அவதான். அப்பறம் எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்காத."

அந்த இடம் எனக்கு வேண்டும். பிள்ளை பெற்றவள் இனி எங்கே ஓடப்போகிறாள் என்று ஊரில் பேசினார்கள். கரும்புக்காட்டு வரப்பில் மிதுனாவை உட்கார வைத்துவிட்டு, வாய்க்கால் வரைக்கும் ஓடிஓடித் திரும்பப் பிடித்த இடம் அது.

வியாழக்கிழமை முட்டியை அழைத்துவரப் போனேன். வெறுங்கையோடு போய்க் கூப்பிட்டால் வராது. வெற்றிலை, பழம் வாங்கினேன். பூக்காரம்மா, "முட்டிக்குத்தானே?" என்று கேட்டு அரை முழம் நறுக்கிக் கொடுத்தார்.

அம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் முட்டி உட்கார்ந்திருந்தது. நன்றாகத் தேறி, பளபளவென்று இருந்தது. காலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். மத்தியானம் பிரண்டைத் துவையல். சாயங்காலம் உளுந்தங்களி, கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி. மிக்ஸியில் அரைத்தால் முட்டிக்கு இறங்காது என்று எல்லாமே அம்மியில். நான் போனபோதும் அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அரிக்காமல் பிரண்டையை நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. காலு வெறச்சுக்கிட்டு இருக்குது, படி பாத்து ஏறு."

வாங்கிப் போனதை ஒரு தட்டில் அடுக்கி முட்டியின் முன்னால் வைத்தேன். பூவை மட்டும் எடுத்து மேலே சுற்றிக்கொண்டது.

"நான் வரலை" என்றது.

"ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்குது."

"இருக்கட்டும்."

"பிரசவத்துக்கே எனக்கு இங்க நாப்பத்தஞ்சு நாள்தான். உனக்கு ரெண்டரை மாசம் ஆச்சு."

"அந்த நாப்பத்தஞ்சு நாளும் நானும்தான் இங்க இருந்தேன். தின்னதெல்லாம் நீ. எனக்குன்னு யாரு ஒரு வாய் குடுத்தா?"

அது நியாயம்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அம்மா சமையலில் அதற்கும் பங்கு உண்டு.

அம்மா துவையலை அரைத்து முடித்து எழுந்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்போது என் இடது காதில் ஒரு சத்தம் விழுந்தது. அம்மாவின் இடுப்பு அழுதுகொண்டிருந்தது. வெளியே தெரியாமல், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி.

"இடுப்பு எத்தன நாளா இப்பிடி இருக்குது?"

"உன்ற வயசு இருக்கும்."

"அதை அதோட அம்மா வீட்டுக்கு அனுப்பறதுதானே?"

"எங்கம்மா போயிப் பதினெட்டு வருசம் ஆச்சு. பூட்டுன வீட்டுக்கு எதை அனுப்பறது? ஒருக்காப் போச்சு. வாசல்ல நின்னு பாத்துட்டு, வந்த பஸ்ஸுலயே திரும்பிருச்சு." அம்மா துவையலைக் கிண்ணத்தில் வழித்தாள். "நீ சாப்படறயா? காரம் கொஞ்சந்தான் வெச்சிருக்கறேன், முட்டிக்குன்னு."

மூன்று பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் முட்டி அம்மாவின் இடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு இறங்கியது.

"பையை எடு" என்றது.

பஸ்ஸில் அது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது. பாதி வழியில் என் பக்கம் திரும்பியது.

"நம்ம வீட்ல அம்மி இருக்குதா?"

"மிக்ஸிதான். பக்கத்து வீட்டு ராசக்கா வீட்ல ஒரு அம்மி இருக்குது. கோழிக் கூடைமேல பாரத்துக்கு வெச்சிருக்காங்க."

"கேட்டு வாங்கி வை."

ஊர் வந்ததும் காலில் ஏறிக்கொண்டது. பூ உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து நடந்தால் லேசாக மல்லிகை வாசம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கடைசி நிமிடம். அவர்கள் இருபத்தெட்டு, நாங்கள் இருபத்தேழு. பாடிப் போக வேண்டியவள் நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் மூலையில் நின்றவள் எட்டு வைப்பதற்கு முன்னாலேயே அவள் விரல் தரையை அழுத்தும் சத்தம் இடது காதில் கேட்டது. விலகினேன். இருந்தாலும் இரண்டு பேர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டார்கள். கீழே விழுந்தேன். நடுக்கோடு ஒரு சாண் தள்ளி இருந்தது. கை எட்டவில்லை. முட்டி தானாக மடங்கி முன்னால் போய்க் கோட்டின்மேல் உட்கார்ந்தது. நடுவர் விசில் ஊதினார். பிடித்த இரண்டு பேரும் அவுட்.

சுகுணாக்கா என்னைத் தூக்கிவிட்டு, குனிந்து முட்டியைத் தட்டிக் கொடுத்தார். கோகிலா தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்தாள்.

"அப்ப அடுத்த வருசம் வரைக்கும் நான் இந்த பாட்டிலத்தான் தூக்கணுமாக்கா?"

"ஆமா கண்ணு. மூடிய நல்லாத் திருகி வை."

திங்கட்கிழமை காலையில் அப்பா போன் செய்தார்.

"உங்கம்மா இன்னும் எந்திரிக்கல. கட்டல்லயே கெடக்கறா. கல்லுப்பு எங்கடின்னா, படுத்துக்கிட்டே கையக் காட்டறா. நீ ஒண்ணும் பயப்படாத, சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கறா."

நான் போனை வைத்துவிட்டு, ராசக்கா வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்த அம்மியைக் கழுவினேன். வெளியே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கை கொடுக்க, அம்மாவின் இடுப்பு மஞ்சப்பையோடு மெல்ல இறங்கியது. எங்கள் வாசலில் வந்து நின்று, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தது. திறந்துதான் இருந்தது.

"அம்மா" என்று என்னைக் கூப்பிட்டது.

"வா சாமி" என்றேன்.

மிதுனா டிரம்மின் மேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அதற்கு இடம் விட்டாள். நான் உளுந்தை ஊறப்போட்டேன்.