மணி அடித்தால் கதவைத் திற

1
இந்தக் கதையை நானாகத் தேடிப் போகவில்லை. போடியில் மாவு மில்லில் காத்திருந்தபோது, சிலமலை ஊரைச் சேர்ந்த பொன்னுமணி என்ற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க கதை எழுதுறவுகளாமே. எங்க வீட்டுக்காரரு கதவத் தெறக்கலன்னு எழுதுங்க. ஒங்களுக்கு ஒரு வரிச் சோலிதான."

(இந்தக் கதையில் வரும் ராணுவ முகாம் உண்மையில் வேறெங்கோ இருக்கிறது. கதைக்காகக் குரங்கணிக்கு மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஜீப் பிடித்துத் தேடிப் போகாதீர்கள்.)

2
முதல் தொடக்கம்: "மலைச்சரிவில் மூடுபனி மெல்ல இறங்கி..."

வேண்டாம். செத்தவன் ஒருவன் இருக்கும் கதையில் மூடுபனிக்கு என்ன வேலை?

இரண்டாவது: பொன்னுமணியின் கணவர் காசிமாயன், முகாம் சமையல்கூடத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை ஏலக்காய் ஸ்டோரின் சூட்டறையில் காய் உலர்த்தியவர். அங்கே சூடு மிஞ்சினால் மணி அடிக்கும். ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஆவியை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் காயின் பச்சை போய்விடும். முகாமில் இறைச்சி வைக்கும் குளிர் அறையிலும் ஒரு சென்சார். சூடு ஏறினால் அதுவும் பேட்டரியில் மணி அடிக்கும்.

ஒரு மதியம் கரண்ட் போய் மணி அடித்தது. காசிமாயன் ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தார். சத்தம் நிற்காததால் பின்கதவையும் திறந்தார். அதிகாரியின் போனுக்குப் போகவேண்டிய எச்சரிக்கை, மலையில் டவர் கிடைக்காமல் போகவேயில்லை. சாயங்காலம் கரண்ட் வந்து, மலைக்குளிரும் இறங்கி, திறந்த கதவோடே அறை மறுபடி குளிர்ந்து, மணி நின்றது. தான்தான் நிறுத்தியதாக அவர் நினைத்துக்கொண்டார். மறுநாள் அந்தக் கறியைச் சமைத்தார்கள். பலர் வாந்தியெடுத்தார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஒருவன் பிழைக்கவில்லை.

3
கேட்டபடியே எழுதினேன்: "காசிமாயன் கதவைத் திறக்கவில்லை."

அவர்கள் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். பொன்னுமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசிமாயன் முன்னால் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்தப் புள்ள ஏன் செத்துச்சு?" என்றார் காசிமாயன்.

நான் தாளை மடித்தேன்.

"அதோட பேரென்ன?"

"தெனம் இதத்தான் கேக்குறாரு," என்றார் பொன்னுமணி. "பேரு தெரியாமச் சோறு எறங்கலயாம். முகாமுல சொல்ல மாட்டேங்குறாங்க."

4
பெயர் வைப்பது என் தொழில். பல பெயர்களை எழுதி அடித்துவிட்டேன். பெயரை எழுதியதுமே அவனுக்கு ஒரு அம்மா வந்துவிடுகிறாள். அவளை என்னால் பார்க்க முடியவில்லை.

காசிமாயன் சாப்பிட்டார் என்று முடித்தும் பார்த்தேன். அவர் சாப்பிடவில்லை. நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே...

செத்தவனுக்கு நீங்கள் ஒரு பெயர் வையுங்கள். பொய்ப் பெயர்தான், அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். காசிமாயன் வீட்டு வாசல்வரை நானும் வருகிறேன். உள்ளே போய் நீங்களே சொல்லுங்கள்.