சுமை இறக்கிய மடிக்கணினி

அந்த மடிக்கணினியை ஆன் செய்துவிட்டுப் போய், துணியை அலசிக் காயப்போட்டு வந்தாலும் அது கண் திறந்திருக்காது. திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். "ஆமை கெட்டுது போ!" என்று அலுத்துக்கொண்டாள் அவள்.

கல்யாணத்துக்கு முன் கட்டட நிறுவனம் ஒன்றில் வீட்டு வரைபடம் போட்டவள். மகள் பிறந்ததும் விட்ட வேலை. இப்போது ஒரு நிறுவனம், "ஒரு வரைபடம் போட்டு வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்புங்கள், பிறகு வேலையைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லியிருந்தது. வரைய இருந்ததோ இந்த ஒரே பெட்டி.

"அதை எடைக்குப் போடும்மா. பழசு" என்றார் கணவர். "உனக்கும் டச் விட்டுப்போச்சு. இனிமே எதுக்கு இந்த வம்பு?"

அவளுக்குச் சுருக்கென்றது. "முடியுமா முடியாதான்னு நான் பார்த்துச் சொல்றேங்க."

பழைய கணினியின் தலையில் புதுக் காலத்து இயங்குதளத்தைக் கட்டினால் அதற்கு முழி பிதுங்காதா? லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் எடை குறைந்த வகைகளைத் தேடினாள். பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம் என்று தெரிந்தது.

முதலாவது சிட்டாய்ப் பறந்தது. ஆனால் அழுது வடிந்த சாம்பல் நிறம், எறும்பு எழுத்து.

"ஓடுதில்ல? அழகு எதுக்கு?" என்றார் கணவர்.

"நாள் பூரா இது மூஞ்சியில முழிக்கப்போறது நான்தானே? லட்சணமா இருக்கட்டும்."

அடுத்தது அழகோ அழகு. திரையில் திறந்த ஜன்னல்கள் கண்ணாடியாய் மின்னின. ஆனால் ஒரு கோடு இழுப்பதற்குள் உள்ளே விசிறி கதறியது. அதையும் பிடுங்கினாள். விடுவாளா அவள்? மூன்றாவதில்தான் மனசு நிறைந்தது. தெளிவான எழுத்து, கண்ணுக்குக் குளிர்ச்சியான நீலம், சொன்ன சொல் கேட்கும் வேகம். வீட்டார் ஏற்றி வைத்திருந்ததையெல்லாம் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, அதையே நிறுவினாள்.

வெள்ளி மதியம் வரைபடத்தில் சமையலறையின் ஓரிரு கோடுகள் மட்டும் பாக்கி. கணவரும் மகளும் டிஸ்க்கோடு வந்து நின்றார்கள்.

"அடேங்கப்பா, பறக்குதே! என் ஆபீஸ் ஃபைலை எல்லாம் திரும்ப ஏத்திடு."

"என் கேமும்மா!"

"ஒண்ணும் ஏத்தமாட்டேன். இதுல இனிமே என் வேலை மட்டும்தான்."

"கொஞ்சம் ஏத்தினா குடியா முழுகிடும்?"

அவள் மவுஸை வைத்துவிட்டுத் திரும்பினாள். "கொஞ்சம் கொஞ்சமா ஏத்தித்தாங்க இது படுத்துச்சு. ஆளுக்கு ஒண்ணா ஏத்திட்டு, ஓடலைன்னதும் பழசுன்னு பேரு வச்சீங்க. எனக்கும் அதேதான் நடந்துச்சு."

அந்த நேரம் பார்த்துச் சலவை இயந்திரம் கூப்பிட்டது. பழக்கதோஷம், அவள் எழுந்தாள்.

"நீ உக்காரு" என்றார் அவர், வாளியை எடுத்துக்கொண்டே. "துணியை நாங்க காயப்போடறோம். தப்பு எங்க மேலதாம்மா. மெஷினோ மனுஷியோ, உதவாதுன்னு ஒதுக்கறதுக்கு முன்னாடி, நாம ஏத்தி வச்ச சுமையை இறக்கிப் பார்த்திருக்கணும்."

துணி கொடியில் ஏறி முடிவதற்குள் வரைபடம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.