பலகையின் பின்பக்கம்

அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து, கணவருக்கு ஸ்பீக்கர் பைத்தியம் முற்றிவிட்டது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையாவது சரிபார்த்துக்கொண்டே இருக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "உனக்காகத்தான் செய்யறேன். படுத்துக்கிட்டே பாட்டுக் கேக்கலாம்ல" என்பார். அவளும் தலையாட்டுவாள். தலையாட்ட இடுப்பு தேவையில்லையே.

பெட்டி கிடையாது. இடுப்பு உயரத்துக்கு இரண்டு ப்ளைவுட் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு ஒற்றை ஸ்பீக்கர். கனத்த சத்தமும் கீச்சுச் சத்தமும் அந்த ஒன்றிலேயே வந்தாக வேண்டும். பின்பக்கம் மூடாததால் முன்னால் வருகிற அளவு சத்தம் பின்னாலும் வரும். அது சுவரில் மோதித் திரும்பி வந்து முன்னால் வருவதோடு மல்லுக்கு நிற்கக் கூடாதென்று, பலகைகளைச் சுவரை விட்டுத் தள்ளிக் கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்தார். நடக்கிறவர்கள் இடித்துக்கொள்ள வேண்டியதுதான். நடப்பதற்கு அந்த வீட்டில் அவரை விட்டால் ஆளில்லை.

அவருடைய நாற்காலி ஜன்னலோரம். பலகைகள் அதைப் பார்த்து நின்றன. அவள் கிடந்த அறைக்கு முதுகு. கதவு வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பீக்கரின் காந்தமும், தொங்கும் ஒயரும், கீச்சுச் சத்தத்தை அடக்கக் கிளிப்பில் மாட்டியிருந்த ரெசிஸ்டரும்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை அவரைச் சுத்தமாக மறைத்துவிடும்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சமையல், துணி, பெட்பேன் எல்லாம் அவர்தான். கைகள் ஓயவில்லை, வாய்தான் ஓய்ந்துவிட்டது. "மாத்திரை போட்டியா?", "திரும்பிப் படு." அதற்கு மேல் பேச்சில்லை. வேலை முடிந்ததும் கூடத்துக்கு ஓடிவிடுவார். அவள் கிடக்கிற கிடையைப் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் வலிக்காமல் போய்விடுமா? பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை. நாயாய் உழைக்கிற மனுஷனிடம் இன்னும் எதைக் கேட்பது?

அவரோ பலகையை விரல் அகலம் திருப்புவார், ரெசிஸ்டரை மாற்றுவார், போய் உட்கார்ந்து கேட்பார். பிறகு அங்கிருந்தே குரல் வரும்.

"இப்போ எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அவளுக்குக் கேட்டதென்னவோ, வாயில் தலையணையை வைத்துக்கொண்டு யாரோ பாடுவது போலத்தான்.

ஒரு மத்தியானம், விரிப்பு மாற்ற அவளைப் புரட்டியபோது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல் நின்றார்.

"படுங்க. இந்தப் பக்கம் இடம் இருக்கு."

"வேலை கிடக்கு."

"அது எங்கயும் ஓடிப் போயிடாது. படுங்க."

படுத்தார். அவள் விழுந்த பிறகு இருவரும் ஒரே கட்டிலில் படுத்ததில்லை. கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துவிடுவாரோ என்று அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"பாட்டு ஏன் இப்படிக் கேக்குது?" என்றார்.

"எப்பவும் இப்படித்தான் கேக்கும். எனக்குப் பின்பக்கம்தானே."

"நல்லா இருக்குன்னு சொன்னியே!"

"அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. வேற என்னத்தச் சொல்றது?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் கண்கள் கலங்கின. "உனக்கு உனக்குன்னு சொல்லிக்கிட்டு எனக்கே செஞ்சுக்கிட்டிருந்திருக்கேன். சரியான மடையன் நான்."

"அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அவளுக்கு இடுப்பு வலித்தது, அவருக்கு முதுகு.

சொல்லச் சொல்லக் கேட்காமல் எழுந்து போனார். பலகைகளை மெல்ல மெல்ல நகர்த்தி அறையைப் பார்க்கத் திருப்பினார். இனி ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவருக்குத்தான் பின்பக்கம். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டிலுக்குத்தான் வந்தாக வேண்டும். வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

பாட்டு மாறியிருந்தது. பாடுகிற பெண் கதவருகே வந்து நின்று பாடுவது போலிருந்தது. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஒரு குறை கிடையாது. இவ்வளவு அழகாகவா செய்து வைத்திருக்கிறார்!

"இப்போ சொல்லு. மழுப்பாம சொல்லணும். சரியா இருக்கா?"

சரி என்றால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

"என்னமோ குறையுதுங்க" என்றாள்.

"என்ன குறையுது? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"ஒரு பாட்டுல எப்படிச் சொல்ல முடியும்? கூட இருந்து கேளுங்க, சொல்றேன்."

அவர் கால்களைக் கட்டிலின் மேல் தூக்கிப் போட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் கை அவள் தலையில் உரசியது.

"விடக் கூடாது. என்னன்னு கண்டுபிடிச்சே ஆகணும்" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சீக்கிரம் கண்டுபிடிக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.