விளக்கை அணைச்சுட்டுக் காட்டுங்க

கல்யாணமான புதிதில் இவர் எனக்கு ஒரு வைர மோதிரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். சொன்னதோடு சரி. இப்போது நடுப்பார்வை போய், ஓரப்பார்வை மட்டும் மிஞ்சி, டாக்டரும் கையை விரித்த பிறகு, "கிளம்பு, கடைக்குப் போலாம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நல்ல நேரம் பார்த்தார் போங்கள்!

கடைக் கதவு மூடியதும் மழைச் சத்தம் நின்றுபோயிற்று. கால் புதைகிற கம்பளம். கூரை முழுக்கக் குட்டிக் குட்டி விளக்குகள். எங்கோ தண்ணீருக்கடியில் நடப்பது மாதிரி இருந்தது எனக்கு. கடைப்பெண் மேஜைமேல் கறுப்புத் துணியை விரித்தாள். நாங்கள் கேட்டது பிரின்சஸ் கட், சதுரமாகப் பட்டை தீட்டிய கல்.

"ஆஹா! என்னமா மின்னுது!" என்றார் இவர்.

அவள் இடுக்கியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். கல்லை இன்னும் வெளியே எடுக்கவே இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆறு மாதமாக இவர் எதிரில் உட்கார்ந்துகொண்டே அழுகிறேன், இவருக்குத் தெரிவதில்லை. அது ஒரு வசதிதான், பாழாய்ப்போன வசதி.

எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. இவர் கண்ணுக்கு எட்டாத கல் எனக்கு வேண்டவே வேண்டாம்.

"இந்த விளக்கையெல்லாம் அணைச்சுட்டுக் காட்டுங்கம்மா. இந்த வெளிச்சத்துல கண்ணாடித் துண்டுகூட மின்னும்."

"சரியாத்தான் கேக்கறீங்க. சதுரக் கல்ல இப்படித்தான் பாக்கணும்" என்று சிரித்தபடி எங்கள் பக்கத்து விளக்குகளை அணைத்தாள். ஜன்னல் வழியே மழை வெளிச்சம் சாம்பலாய் உள்ளே வந்து மேஜைமேல் படுத்துக்கொண்டது.

முதல் கல் எடைக்கு ஏற்ற அகலம் இல்லாமல் சின்னதாகத் தெரிந்தது. "எடையெல்லாம் அடியில போயிடுச்சு" என்று அவளே தள்ளி வைத்தாள். இரண்டாவதை லென்ஸில் பார்க்கச் சொன்னாள். "நாலு மூலையும் உடையாம கூரா இருக்கு பாருங்க. அடியில நிறைய பட்டை. பொடிப்பொடியா மின்னும், எல்லாரும் இதத்தான் கேப்பாங்க."

மாதிரி வளையம் ஒன்றில் கல்லைச் செருகி என் விரலில் மாட்டினாள். கையை ஆட்டினேன். அடடா, அவ்வளவு அழகு.

"தெரியுதா? பொய் சொன்னீங்கன்னா இருக்கு உங்களுக்கு!"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலடி."

ஆறு மாதத்தில் அந்த வார்த்தையை இவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கடைப்பெண் இடுக்கியை வைத்துவிட்டு எழுந்தாள். உள்ளே போய் இன்னொரு கல் கொண்டுவந்தாள். "இதுல அடிப்பட்டை கம்மிம்மா. கொஞ்சமாத்தான் மின்னும். ஆனா ஒவ்வொரு மின்னலும் பெருசா வரும்."

கையைத் திருப்பினேன். இவர் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தார்.

"ஏய்... அங்க!"

கையை உயர்த்தினேன். விரல் நீட்டினார். தாழ்த்தினேன். அங்கேயும் நீட்டினார். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "இப்ப எங்க?" என்றேன்.

"ஒளிச்சு வெச்சுட்டியா? கள்ளி!"

கடைப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதுதான் என் கல், முடிந்தது பேச்சு. கையை ஜன்னல் பக்கம் மேஜைமேல் நீட்டி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. என் கண்ணும் அதுபாட்டுக்கு வழிந்தது, விசும்பலைச் சத்தம் வராமல் அடக்கிக்கொண்டேன்.

"ஏன் கைய ஆட்டற?" என்றார் இவர்.

"நான் எங்க ஆட்டறேன்? சும்மாதான் வெச்சிருக்கேன்."

இவர் தலையைச் சாய்த்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழாதடி" என்றார்.